ஒன்பது வருடம் மெடிக்கலில் நின்றவருக்கு டி.பார்ம் எதற்கு?

தென்மாவட்டத்துச் சிறிய ஊர் ஒன்றிலிருந்து 31 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம்; சுருக்கித் தருகிறேன். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. அப்பா இறந்துபோனதால் மேலே படிக்க முடியாமல் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சேர்ந்தவர், ஒன்பது வருடமாக அங்கேயே இருக்கிறார். மாதம் 14,000 ரூபாய் சம்பளம். முதலாளி காலையில் கடையைத் திறந்துவிட்டுப் போனால் இரவு கல்லாவை எண்ணத்தான் வருவார். சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பது, ஆர்டர் போடுவது, காலாவதியான ஸ்ட்ரிப்பைத் திருப்பி அனுப்புவது எல்லாம் இவர். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் மருந்தாளுநர் சான்றிதழ் வேறொருவருடையது. அவர் மாதம் ஒருநாள் வந்து, பதிவேட்டில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு, கவரை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இப்போது சொந்தக் கடை ஆசை வந்திருக்கிறது. ஏஜென்ட் ஒருவர், வடமாநிலக் கல்லூரி ஒன்றில் 1,80,000 ரூபாய்க்கு டி.பார்ம், அதாவது மருந்தாளுநர் டிப்ளமோ, ‘முடித்துத் தருவதாக’ச் சொல்லியிருக்கிறார். வகுப்புக்குப் போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் இரண்டு தடவை ரயில் ஏறினால் போதுமாம். 40,000 முன்பணமும் கொடுத்தாயிற்று. “எக்ஸிட் எக்ஸாம் எல்லாம் சும்மா, ஏஐசிடிஇ அங்கீகாரம் இருக்கு, கவலைப்படாதீங்க” என்கிறாராம் (ஏஐசிடிஇ என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்). வாசகர் கேட்பது இவை: அந்த டிப்ளமோ தமிழ்நாட்டில் செல்லுமா? ஒன்பது வருட அனுபவத்துக்கு மதிப்பே கிடையாதா? பி.எஸ்சி. வேதியியல் படித்த மனைவி பெயரில் லைசென்ஸ் எடுக்கலாமா? கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: “டாக்டர் கையெழுத்தை என்னை மாதிரி யாரும் வாசிக்க முடியாது சார். அதுக்கு மேல என்ன படிப்பு?”

தம்பி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். அரசு மருத்துவமனைகளில் முப்பது வருடம் மருந்தாளுநராக இருந்தவன் நான். பிற்பாதியில் டி.பார்ம் மாணவர்கள் எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வருவார்கள். ஒருநாள் எங்கள் ஜன்னலுக்கு ஒரு பாட்டி வந்தார். வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த மருந்துக் கவரை எடுத்துக் காட்டினார். உள்ளே மெத்தோட்ரெக்ஸேட், 2.5 மில்லிகிராம். முடக்குவாதத்துக்கு வெளியில் ஒரு டாக்டர் எழுதியது. சீட்டில் ‘ஞாயிறு மட்டும் 3 மாத்திரை’ என்று தெளிவாகவே இருந்தது. கவரின் மேல் கடைக்காரப் பையன் பேனாவால் எழுதியிருந்தது: ‘தினமும் இரவு 3’. பாட்டி ஒழுங்காக ஆறு நாள் சாப்பிட்டிருக்கிறார்.

முடக்குவாதத்துக்கு அந்த மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போனால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தியே படுத்துவிடும். உயிர் போனவர்கள் உண்டு. பாட்டியை உடனே வார்டில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டார். அந்தப் பையனை நான் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு வருட அனுபவம். கையெழுத்தை அவன் சரியாகத்தான் வாசித்திருந்தான். ஆனால் ‘மாத்திரை என்றால் தினமும்’ என்று கை பழகிப்போயிருந்தது. இந்த மருந்தில் கை நிற்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நீங்கள் கேட்ட ‘அதுக்கு மேல என்ன படிப்பு’ என்பது இதுதான்.

உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. ஒன்பது வருடத்தில் பல டாக்டர்களின் தவறுகளை நீங்களே பிடித்திருப்பீர்கள். ஆனால் எந்தத் தவறு உங்கள் கண்ணில் படவில்லை என்பது உங்களுக்கே தெரிய வழியில்லையே.

அனுபவத்தை வைத்துப் பதிவு

“எங்க ஊர் கம்பவுண்டர் தாத்தா காலேஜுக்கே போகாமல் பதிவு வாங்கினாரே” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மருந்தாளுநராகப் பதிவு வாங்கியது நிஜமாக இருக்கும். 1948-இல் பார்மசி சட்டம் வந்தபோது நாட்டில் படித்த மருந்தாளுநர்கள் குறைவு. அதனால் ஒவ்வொரு மாநிலத்திலும் முதல் பதிவேடு தயாரித்தபோது, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்து வருடம் மருந்து கலந்து கொடுத்தவர்களையும் 31-ஆம் பிரிவின்படி சேர்த்துக்கொண்டார்கள். அது ஒருதடவை திறந்த கதவு. அதற்குப் பின் பதிவு வேண்டும் என்றால் 32-ஆம் பிரிவு: இந்திய பார்மசி கவுன்சில் அங்கீகரித்த படிப்பு, அங்கீகரித்த தேர்வு. இன்றைக்கு ஒன்பது வருடம் என்ன, இருபத்தொன்பது வருடம் காட்டினாலும் அந்த வழியில் போக முடியாது.

அதேபோல் மனைவியின் பி.எஸ்சி. வேதியியலை வைத்தும் பதிவு கிடைக்காது. டி.பார்ம், பி.பார்ம், பார்ம்.டி என்று பார்மசிக்கென்றே இருக்கும் படிப்புகளில் ஒன்று வேண்டும்.

ஏஜென்ட் காட்டும் காகிதம்

டி.பார்ம் என்பது கவுன்சிலின் கண்ணில் வெறும் சான்றிதழ் கிடையாது, மணிக்கணக்கு. 2020-இல் திருத்திய கல்வி விதிமுறைப்படி இரண்டு கல்வியாண்டு, ஒவ்வொன்றிலும் குறைந்தது 180 வேலை நாள், பாட வகுப்புக்கும் செய்முறைக்கும் தனித்தனியாக 75 சதவீத வருகை. அப்புறம் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. அதில் பாதியாவது, அதாவது 250 மணி நேரம், நிஜமான சீட்டுக்கு நிஜமாக மருந்து கொடுத்திருக்க வேண்டும். அஞ்சல் வழியில் டி.பார்ம் என்பதே கிடையாது. ‘பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்’ என்று ஒரு கல்லூரி சொன்னால், நீங்கள் வராத நாட்களுக்கு யாரோ பொய்யாக வருகை போடப்போகிறார்கள் என்றுதான் அர்த்தம். அது பின்னால் தெரிய வந்தால் அந்தக் கல்லூரிக்கு ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம்; பதிவை இழப்பது நீங்கள். தவறான தகவலில் ஏறிய பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க 36-ஆம் பிரிவில் மாநில கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பதிவை நம்பி எடுத்த கடை லைசென்ஸும் கூடவே ஆட்டம் காணும்.

இனி அவர் சொன்ன ஏஐசிடிஇ. பார்மசி கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇயா, பார்மசி கவுன்சிலா என்று பல வருடம் இழுபறி இருந்தது. 2020 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது: பார்மசி கல்வியில் பார்மசி சட்டமே மேலோங்கும், அதிகாரம் கவுன்சிலுக்கே. ஆகவே ஏஐசிடிஇ கடிதத்தை எவ்வளவு பெரிதாக லேமினேட் செய்து காட்டினாலும் உங்கள் பதிவுக்கு அது உதவாது.

‘கல்லூரி புதுசு, அதான் லிஸ்ட்ல இன்னும் வரலை’ என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், படித்தவர்களே வழுக்கும் இடம் இது. கவுன்சில் தரும் அனுமதி இரண்டு வகை. ஒன்று, வகுப்பு நடத்தலாம் என்ற அனுமதி. இத்தனை மாணவர், இந்தக் கல்வியாண்டு என்று வரும். இன்னொன்று 12-ஆம் பிரிவின் கீழ் வரும் அங்கீகாரம்; அந்தப் படிப்பும் தேர்வும் மருந்தாளுநராகப் பதிய ஏற்றவை என்று சொல்வது. முதலாவது இருந்து இரண்டாவது வராத கல்லூரியில் படித்தவர்கள் கையில் மதிப்பெண் பட்டியலோடு வருடக்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன். புதுக் கல்லூரிகள் திடீரென்று இத்தனை முளைத்ததற்கும் ஒரு கதை உண்டு. 2019-இல் கவுன்சில், இனி ஐந்து வருடத்துக்குப் புதுக் கல்லூரியே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. தடை போடுவதென்றால் முறையான விதிமுறை மூலம் போட வேண்டும், தீர்மானம் போதாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு சட்டப்படி சரிதான். ஆனால் கல்லூரிகளின் தரத்தை வடிகட்டும் வேலை அதன்பின் சேரப்போகும் மாணவர் தலையில்தான் அதிகம் விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம். கவுன்சிலின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. கல்லூரியின் பெயர், டி.பார்ம் என்ற படிப்பு, நீங்கள் சேரும் ஆண்டு, 12-ஆம் பிரிவு என்ற நான்கையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று இடித்தாலும் விட்டுவிடுங்கள்.

எக்ஸிட் எக்ஸாம் ‘சும்மா’ கிடையாது. டி.பார்ம் முடித்தவர் பதிவு செய்வதற்கு முன் தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டும் என்ற விதிமுறை 2022 பிப்ரவரியில் அரசிதழில் வந்தது. தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் முதல் தேர்வை 2024 அக்டோபரில் நடத்தியது. மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், மூன்றையும் ஒரே முயற்சியில் தாண்ட வேண்டும்; முயற்சிகளுக்கு வரம்பு இல்லை. வகுப்புக்கே போகாமல் டிப்ளமோ வாங்கி வருபவர்களைத் தடுக்கத்தான் இந்த வேலி. நீங்கள் சேரும் ஆண்டுக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைத் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள்.

இன்றைக்கு நீங்கள் நிற்கும் இடம்

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. ‘நான் சம்பளத்துக்கு நிற்பவன், பொறுப்பு முதலாளியுடையது’ என்று கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பதைப் பதிவு பெற்ற மருந்தாளுநர் தவிர ‘எவரும்’ செய்யக்கூடாது என்கிறது பார்மசி சட்டத்தின் 42-ஆம் பிரிவு. முதலாளி, வேலையாள் என்று பிரிப்பதில்லை. மீறினால் சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. மருந்துகள் விதிகள் 1945-இல் 65-ஆம் விதியும் மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வை வேண்டும் என்கிறது. மாதம் ஒருநாள் வந்து போடும் கையெழுத்து மேற்பார்வை ஆகாது. பெரும்பாலும் டிரக் இன்ஸ்பெக்டர் வந்தால் கடை லைசென்ஸோடு விஷயம் முடிந்துவிடும், ஊழியர் வரைக்கும் போகாது. ஆனால் ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால் கவரின் மேல் இருப்பது உங்கள் கையெழுத்து.

சான்றிதழை வாடகைக்கு விட்டிருக்கும் அந்த மருந்தாளுநர் மீது எனக்குக் கோபம் அதிகம். இரண்டு வருடம் படித்து வாங்கிய பெயரை ஒருவர் சுவரில் மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகிறார், அந்த இடத்தில் உங்களைப் போல ஒருவர் ஆபத்தைச் சுமந்து நிற்கிறார். நாளைக்கு உங்களுக்குப் பதிவு வந்த பிறகு இதே வாடகைப் பேச்சு உங்களையும் தேடி வரும். அன்றைக்கு இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஒரு தவறான நினைப்பைத் தள்ளிவைப்போம். மெடிக்கல் ஷாப் வைக்க முதலாளியே மருந்தாளுநராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இடம் குறைந்தது பத்து சதுர மீட்டர், குளிர்பதனப் பெட்டி முதலிய வசதி, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளே இருக்கும் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர். இவை இருந்தால் லைசென்ஸுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். 1,80,000 ரூபாயை ஏஜென்ட்டிடம் கொட்டுவதற்குப் பதில், டி.பார்ம் முடித்துவிட்டு வேலை தேடும் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ ஒரு வருடச் சம்பளத்தின் பெரும்பகுதியாக அது போகும். சின்ன ஊர்க் கடை அந்தச் சம்பளத்தைத் தாங்குமா என்பதை உங்களைவிட யாரும் நன்றாகக் கணக்குப் போட முடியாது.

இரண்டாவது, மொத்த விற்பனை. இது பலருக்குத் தெரியாது. மொத்த விற்பனை லைசென்ஸுக்கு 64-ஆம் விதி வேறு அளவுகோல் வைத்திருக்கிறது: மருந்தாளுநர் இல்லாவிட்டால், பத்தாம் வகுப்புத் தேறி மருந்து விற்பனையில் நான்கு வருட அனுபவம் உள்ளவரும் பொறுப்பாளராக இருக்கலாம். உங்கள் ஒன்பது வருடம் சட்டப்படி கணக்கில் வரும் ஒரே இடம் இதுதான். ஆனால் அனுபவத்தை எழுத்தில் காட்ட வேண்டும். வருகைப் பதிவேடு, வங்கியில் ஏறிய சம்பளம், முதலாளியின் கடிதம் எல்லாம் வேண்டும். சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தால் இந்த மாதத்திலிருந்தே வங்கி வழியாகத் தரச் சொல்லுங்கள். முதல் போட்டுக் கடனுக்குச் சரக்கு விடும் தொழில் இது என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, படிப்பது. நேராகச் சொன்னால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதைத்தான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருப்பதால் தகுதி இருக்கிறது. வணிகவியல் பிரிவாக இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகள் சிலவற்றிலேயே டி.பார்ம் நடக்கிறது, சேர்க்கை மருத்துவக் கல்வி இயக்ககம் வழியாக. அங்கே கட்டணம் உங்கள் ஏஜென்ட் கேட்கும் பணத்தின் பக்கத்தில்கூட வராது. கிடைக்காவிட்டால் பேருந்தில் போய் வரும் தூரத்தில் அங்கீகாரம் உள்ள தனியார் கல்லூரி. என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் முப்பது தாண்டியவர்கள் இருந்தார்கள். முதல் வாரம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கப்படுவார்கள். மருந்துகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய அந்தப் பிள்ளைகள் திணறும்போது இவர்கள் பிராண்டோடு சேர்த்துச் சொல்வார்கள். அப்புறம் வெட்கம் எங்கே போகும் என்று தெரியாது. கஷ்டப்படுவது உடலியக்கவியலும் உயிர்வேதியியலும்தான். பள்ளிப் புத்தகத்தை மறுபடி எடுத்தால் பிடிபட்டுவிடும்.

வருமானம் என்னாவது? வகுப்பு முடிந்து மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை கடை வேலை பார்க்கலாம். பில் போடுவது, சரக்கு அடுக்குவது, ஆர்டர் எடுப்பது இவற்றுக்குச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் அது மருந்தாளுநர் நிஜமாகவே உட்கார்ந்திருக்கும் கடையாக இருக்கட்டும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த 500 மணி நேரப் பயிற்சிக்கு நீங்கள் இதுவரை நின்ற நேரம் ஒரு நிமிடம்கூடச் சேராது. இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் அது தொடங்கும். ஒரு மருந்தாளுநர் இருக்கும் இடத்தில் இரண்டு மாணவருக்கு மேல் பயிற்சிக்கு எடுக்கக்கூடாது என்பதும் விதி. அந்த மருந்தாளுநர் ஒப்பந்தப் படிவத்தில் உங்கள் மணிக்கணக்குக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சுவரில் மட்டும் இருப்பவர் எப்படிப் போடுவார்? இப்போதே நல்ல இடத்துக்கு மாறிவிட்டால் அன்றைக்கு அலைச்சல் இல்லை.

மனைவி விஷயம். அவர் பிளஸ் டூவில் அறிவியல் படித்திருப்பார், ஆகவே டி.பார்ம் சேர அவருக்கும் தகுதி இருக்கலாம். இருவரில் யார் படிப்பது என்று வீட்டில் பேசலாம். ஆனால் ‘உங்கள் கடைக்காக’ என்று அவரைப் படிக்க அனுப்பாதீர்கள். கடிதம் முழுவதும் தேடினேன், அவருக்கு இதில் விருப்பமா என்ற ஒரு வரி இல்லை.

கடைசியாக அந்த 40,000. இனி ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். அசல் சான்றிதழ்கள் எதையும் கொடுத்திருந்தால் முதலில் அவற்றை வாங்குங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் ஏமாற்றுப் புகார் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318-ஆம் பிரிவு. இப்போதைக்கு நீங்கள் முன்பணம் கொடுத்து ஏமாந்தவர். அந்த டிப்ளமோவைக் கையில் வாங்கி கவுன்சிலில் நீட்டிவிட்டால் போலி ஆவணத்தைப் பயன்படுத்தியவர் ஆகிவிடுவீர்கள், அப்புறம் புகார் கொடுக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். ‘வகுப்புக்கு வர வேண்டாம்’ என்று அவர் அனுப்பியதாகச் சொன்ன வாட்ஸ்அப் குரல் பதிவு இன்னும் போனில் இருக்கிறது அல்லவா? போன் மாற்றும்போது அழிந்துபோகாமல் யுபிஐ ரசீதோடு சேர்த்து இரண்டு இடத்தில் எடுத்து வையுங்கள்.